புள்ளியும் கொம்பும் காணோம்

தம்பி: அக்கா, உறவினர் பட்டியலில் கிடக்கும் நட்சத்திரம், கோடு, ஸ்மைலி எல்லாவற்றையும் பைத்தான் நிரல்மொழியில் நீக்கினேன். குப்பை போய்விட்டது. ஆனால் ‘முருகன்’ ‘மரகன’ ஆகிவிட்டது, ‘செல்வி’ ‘சலவ’ ஆகிவிட்டது!

சித்தப்பா: என் பெயரும் அப்படித்தான் வந்திருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

அக்கா: இல்லை சித்தப்பா, மூலக் கோப்பு அப்படியே இருக்கும். தம்பி, எதை நீக்கவேண்டும் என்று சொல்ல என்ன பேட்டர்ன் போட்டாய்?

தம்பி: சதுர அடைப்புக்குள் ‘தவிர’ என்று பொருள்படும் ^, அப்புறம் பேக்ஸ்லாஷ் டபிள்யூ, பேக்ஸ்லாஷ் எஸ். எழுத்து, எண், இடைவெளி தவிர மற்றதெல்லாம் போகட்டும் என்று.

அக்கா: அங்கேதான் சிக்கல். ‘மு’ நமக்கு ஓர் எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு வரிசை எண் தரும் யூனிகோடில் ‘ம’ தனி, உகரக் குறி தனி. ‘ம’ எழுத்து வகை. கொம்பு, துணைக்கால், புள்ளி எல்லாம் ஒட்டுக்குறி வகை. பேட்டர்னைத் தேடித்தரும் பைத்தானின் ரீ (re) மாட்யூலில் அந்த டபிள்யூ எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் ஏற்கும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இன்னும் மோசம், தமிழே மிஞ்சாது.

தம்பி: [^அ-ஹ ] என்றும் போட்டுப் பார்த்தேன். அதே கதை.

அக்கா: யூனிகோடு வரிசையில் ஒட்டுக்குறிகள் ‘ஹ’வுக்குப் பின்னால் வருகின்றன, ஆய்தம் ‘அ’வுக்கு முன்னால். அதனால் ஆய்தம் முதல் வரிசையின் கடைசிக் குறியான ௺ வரை இப்படிப் போடு:
[^ஃ-௺ ]
ஆங்கில எழுத்தில் இனிஷியல் இருந்தால் அந்த வரம்பையும் உள்ளே சேர்.

சித்தப்பா: இனிஷியலுக்குப் பின்னால் வரும் புள்ளி போய்விடுமே அம்மா?

அக்கா: நல்லவேளை கேட்டீர்கள். [^ஃ-௺ .] என்றால் போகாது. அடைப்புக்குள் அது வெறும் புள்ளிதான். வெளியே தனியாக வைத்து நீக்கச் சொன்னால் எந்த எழுத்தையும் குறிக்கும், வரியே காலியாகிவிடும். இன்னொன்று தம்பி, நீக்கிய இடத்தில் வெற்றாக விடாதே, ஓர் இடைவெளி வை. இல்லாவிட்டால் ‘முருகன்-செல்வி’ ஒரே பெயராக ஒட்டிக்கொள்ளும். பிறகு அடுத்தடுத்த இடைவெளிகளை ஒன்றாக்கிவிடலாம்.

தம்பி: சரி அக்கா, ஓட்டிவிட்டேன். சித்தப்பா, உங்கள் வரியைப் பாருங்கள்.

சித்தப்பா: பெயர் சரியாக இருக்கிறது. தொலைபேசி எண்ணைக் காணோமே?

அக்கா: அந்தப் பேட்டர்னில் 0-9 இல்லையே, அதனால்தான். எண்ணைத் தனிப் பத்தியாகப் பிரித்து, அதற்கு மட்டும் [^0-9+] போடு. கூட்டல் குறியை விட்டால் வெளிநாட்டு எண்கள் வீணாகிவிடும். புதிய கோப்பாகவே சேமி, பழையதன் மேல் எழுதாதே.