டோக்கியோவில் உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் எங்கே போவது?

கசாய்_புதுவரவு:
வணக்கம். டோக்கியோ எதோகாவா வார்டில், நிஷி கசாய் பக்கம் இருக்கிறோம். கணவருக்குக் கம்பெனி காப்பீடு. நானும் 4 வயது மகளும் அவரைச் சார்ந்தவர்களாக அதிலேயே இருக்கிறோம். ஜப்பானிய மொழி இன்னும் பிடிபடவில்லை. காய்ச்சல், வயிற்றுவலி என்றால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமா? செலவு எவ்வளவு ஆகும்? இன்னொன்று, என் அப்பாவும் அம்மாவும் 90 நாள் விசாவில் வரப்போகிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

சுமிதா_கரை:
பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகாதீர்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் முதலில் செய்யும் தவறு இதுதான். இங்கே வாசல், தெருமுனையில் இருக்கும் சின்ன கிளினிக். 200 படுக்கைக்கு மேற்பட்ட பெரிய மருத்துவமனைகள் பலவற்றில், 'ஷோகாய்ஜோ' எனப்படும் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் முதல்முறை போனால் தனிக்கட்டணமாகக் குறைந்தது 7,000 யென் வாங்குவார்கள். 2022 அக்டோபருக்கு முன்பு இது 5,000. காப்பீடு இதைத் தொடாது, முழுக்க உங்கள் கையிலிருந்துதான் போகும். அதே கடிதத்தைக் கிளினிக்கில் எழுதி வாங்கினால் 250 புள்ளி, உங்கள் பங்கு 750 யென். கடிதம் இருந்தால் சரியான பிரிவுக்கு முன்பதிவும் கிடைத்துவிடும்.

புள்ளி என்றால் என்ன என்று கேட்பீர்கள். சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் அரசு புள்ளி வைத்திருக்கிறது, ஒரு புள்ளி 10 யென். 2024 ஜூன் திருத்தப்படி முதல்முறைப் பார்வை 291 புள்ளி, அதாவது 2,910 யென். அதில் 30 சதவீதம், சுமார் 870 யென், நீங்கள் கட்டுவது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எடுத்தால் கூடும். மருந்துக்குத் தனியாக மருந்துக்கடையில் கட்டவேண்டும்.

மகளுக்குப் பள்ளி சேரும் வயதுவரை 20 சதவீதம்தான். ஆனால் 23 வார்டுகளிலும் பிள்ளைகளுக்கு 18 வயது முடிந்து வரும் மார்ச் 31 வரை அந்தப் பங்கையும் வார்டே ஏற்கிறது. அதற்கு 'இர்யோஷோ' என்ற சான்றிதழ் வேண்டும். குயாகுஷோவில், அதாவது வார்டு அலுவலகத்தில், விண்ணப்பித்தால்தான் வரும். தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். சிபா, சைதாமா போன்ற பக்கத்து மாவட்டங்களில் இந்தச் சான்றிதழ் செல்லாது. அங்கே பணம் கட்டி ரசீதை வைத்து வார்டில் திரும்பக் கேட்கவேண்டும்.

காப்பீட்டு அட்டை விஷயம்: 2024 டிசம்பர் 2 முதல் பழைய மாதிரி அட்டை புதிதாகத் தருவதில்லை. மை நம்பர் கார்டை, அதாவது அரசு தரும் அடையாள அட்டையை, காப்பீட்டுக்குப் பதிவு செய்து, கவுண்ட்டரில் இருக்கும் கருவியில் வைத்து முகம் காட்டவேண்டும், அல்லது நான்கு இலக்க எண் போடவேண்டும். கார்டு இன்னும் வரவில்லையென்றால் காப்பீட்டில் இருப்பதை உறுதிசெய்யும் 'ஷிகாகு காகுனின்ஷோ' என்ற தாளைக் கணவரின் கம்பெனி வழியாகக் கேட்டு வாங்குங்கள். எதுவும் கையில் இல்லாமல் போனால் முழுத்தொகையும் கேட்பார்கள். அதே மாதத்துக்குள் ரசீதோடு அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினால் பல கிளினிக்குகள் மீதியைத் திருப்பித் தந்துவிடும். மாதம் தாண்டினால் காப்பீட்டு அமைப்பிடம் மனுப் போடவேண்டும், அதற்கு 2 வருடம் கெடு.

நேரமும் முக்கியம். பெரும்பாலும் காலை 9 முதல் 12, பிற்பகல் 3 முதல் 6 வரைதான். புதன் அல்லது வியாழன் பிற்பகல் மூடியிருக்கும் இடங்கள் அதிகம், சனி காலை மட்டும், ஞாயிறு விடுமுறை. மூடுவதற்கு அரைமணி முன்பே பதிவை நிறுத்திவிடுவார்கள். காய்ச்சல் என்றால் போன் செய்துவிட்டுப் போங்கள், தனி நேரமோ தனி வாசலோ சொல்வார்கள். கிரெடிட் கார்டு வாங்காத கிளினிக்குகள் இன்னும் உண்டு, கையில் 10,000 யென் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிக்காரன்:
மேலே சொன்னதோடு பிரிவுப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், வயிறு எல்லாம் 'நாய்கா'. குழந்தைக்கு 'ஷோனிகா'. காது மூக்கு தொண்டைக்கு 'ஜிபிகா'. முதுகு, முழங்கால் வலிக்கு 'செய்கேய் கெகா'. இதைத் திருப்பிப் போட்டு 'கேய்செய் கெகா' என்று தேடினால் பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் போய் நிற்பீர்கள். ஆங்கிலம் தெரிந்த கிளினிக்கைத் தேட, சுகாதார அமைச்சகத்தின் 'நாவீ' தளத்தில் மொழியைத் தேர்ந்து வடிகட்டலாம்.

உள்ளே போனதும் 'மோன்ஷின்ஹ்யோ' என்ற கேள்வித்தாள் தருவார்கள். எப்போதிலிருந்து, என்ன செய்கிறது, எந்த மருந்து சாப்பிடுகிறீர்கள், ஒவ்வாமை உண்டா, கர்ப்பமா, இவைதான் கேள்விகள். கனகாவா சர்வதேசப் பரிமாற்ற அறக்கட்டளையின் இணையதளத்தில் இதே தாள் பல மொழிகளில், பிரிவுவாரியாகக் கிடைக்கிறது. ஜப்பானிய வரியும் பக்கத்திலேயே இருப்பதால் டாக்டர் அப்படியே படித்துக்கொள்வார். வீட்டிலேயே நிரப்பி எடுத்துப் போங்கள்.

காய்ச்சலைச் செல்சியஸில் சொல்லுங்கள். நம் வீட்டு 'நூறு' இங்கே 37.8. கிளினிக்குகள் பலவற்றில் 37.5 தாண்டினாலே காய்ச்சல்காரர்தான். தெர்மாமீட்டர் அக்குளில் வைப்பது.

வலியைச் சொல்வதில் தமிழ்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. நாம் 'விண்விண்ணென்று தெறிக்கிறது', 'சுருக்சுருக்கென்று குத்துகிறது' என்று இரட்டைக்கிளவியில் சொல்கிறோம் இல்லையா, ஜப்பானியர்களும் அப்படியேதான். விண்விண் என்றால் 'ஸுக்கி ஸுக்கி'. சுருக்சுருக் என்றால் 'சிக்கு சிக்கு'. வயிற்றைக் கூராகப் பிடித்து இழுத்தால் 'கிரி கிரி'. புண்ணில் தீயாக எரிந்தால் 'ஹிரி ஹிரி'. இடத்தை விரலால் தொட்டுக் காட்டி இந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், ஆங்கிலத்தில் வெறுமனே 'பெயின்' என்பதைவிட டாக்டருக்கு அதிகம் புரியும்.

மருந்துச்சீட்டு:
மருந்துச்சீட்டு எழுதிய நாளையும் சேர்த்து 4 நாள்தான் செல்லும், ஞாயிறும் அதில் அடக்கம். ஐந்தாம் நாள் போனால் மறுபடி டாக்டரைப் பார்க்கவேண்டும், அந்தச் செலவுக்குக் காப்பீடு வராது. முதல்முறை மருந்துக்கடையில் 'ஒகுசுரி தெச்சோ' என்ற சிறு நோட்டு கேளுங்கள், இலவசம். ஒவ்வொரு மருந்தும் அதில் ஒட்டப்படும்.

காய்ச்சலுக்குப் பெரும்பாலும் 'கலோனால்' தருவார்கள், நம் பாராசிட்டமால்தான். 200, 300, 500 மில்லிகிராம் அளவில் வருகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த 650-ஐ அதோடு சேர்த்துப் போடாதீர்கள், ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போகும்.

அப்பாவின் மருந்துக்கு வருகிறேன். சொந்த உபயோகத்துக்குச் சீட்டு மருந்து ஒரு மாத அளவுவரை தாளில்லாமல் கொண்டுவரலாம். 90 நாளுக்குக் கொண்டுவர 'யுன்யு காகுனின்ஷோ' என்ற இறக்குமதி உறுதிச்சான்று வேண்டும். டாக்டர் சீட்டு, மருந்தின் மூலப்பெயர், அளவு, பயண விவரம் கொடுத்துக் கிளம்புவதற்கு முன்பே விண்ணப்பிக்கவேண்டும். கட்டணம் இல்லை. இன்சுலின் பேனா இருந்தால் அதுவும் ஒரு மாதக் கணக்குதான். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரையை முன் அனுமதி இல்லாமல் பெட்டியில் வைக்கவே வேண்டாம். வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று பையில் போடுகிற பொருள் அதுதான்.

கசாய்_புதுவரவு:
மிக்க நன்றி. அப்பா அம்மாவை எங்கள் காப்பீட்டில் சேர்க்க முடியாதா? நடுராத்திரி ஏதாவது ஆனால்?

சுமிதா_கரை:
90 நாள் விசாவில் சேர்க்க முடியாது. பயணக் காப்பீடு எடுங்கள், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷரால் வரும் சிக்கலை அது ஏற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். காப்பீடு இல்லாதவர்களுக்கு ஒரு புள்ளிக்கு 10 யென் என்ற கட்டுப்பாடு கிடையாது. 20, 30 யென் போடும் மருத்துவமனைகளும் உண்டு. பதிவு செய்யும்போதே ஒரு புள்ளிக்கு எத்தனை யென் என்று கேட்டுவிடுங்கள். குறுகிய கால விசாவில் வந்தவர் பில்லைக் கட்டாமல் போனால், அடுத்தமுறை நாட்டுக்குள் விடாமல் போகலாம்.

நடுராத்திரிக்கு: குழந்தைக்கு #8000, பெரியவர்களுக்கு #7119. இரண்டும் ஆலோசனை எண்கள். நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், மயக்கம் என்றால் யோசிக்காமல் 119. தீயணைப்பும் அதே எண்தான், அதனால் முதல் வார்த்தை 'கியூக்யூ தெஸ்', அதாவது 'ஆம்புலன்ஸ் அவசரம்', என்று இருக்கட்டும். ஆம்புலன்ஸ் இலவசம். எந்த மருத்துவமனை என்பதை அவர்களே போன் போட்டு முடிவு செய்வார்கள், வண்டி வாசலிலேயே சிறிது நேரம் நின்றால் பதறாதீர்கள். பாஸ்போர்ட், மாத்திரை அட்டைகள், காப்பீட்டுத் தாள் மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கதவருகே மாட்டிவையுங்கள்.

உங்கள் மூவரில் யாராவது அட்மிட் ஆக நேர்ந்தால், மை நம்பர் கார்டு காட்டினாலே உங்கள் பங்குக்கான மாத உச்சவரம்பு கவுண்ட்டரில் தானாகப் பொருந்தும். ஆண்டு வருமானம் சுமார் 37 முதல் 77 லட்சம் யென் என்றால், 2025 கணக்கில் 10 லட்சம் யென் பில்லுக்கு நீங்கள் கட்டுவது 87,430. இது ஒன்றாம் தேதியிலிருந்து மாதக்கடைசிவரை உள்ள கணக்கு. தள்ளிப்போடக்கூடிய அறுவை என்றால் இரண்டு மாதத்தில் விழாதபடி தேதி கேளுங்கள். சாப்பாட்டுச் செலவு தனி, 2025 கணக்கில் வேளைக்கு 510 யென். தனி அறைக் கட்டணத்துக்கான ஒப்புதல் தாளும் கட்டோடு கட்டாக வரும். தனி அறை வேண்டாமென்றால் அந்த ஒன்றில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.