ஊரிலிருந்து திரும்பியபோது 41 சிவப்பு வரிகள்

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. மதுரையில் 19 நாள் இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினேன். அன்று இரவு, வேலைகளைக் குறித்து வைக்கும் செயலியைத் திறந்தால் மேலிருந்து கீழ் வரை சிவப்பு. எண்ணினேன், 41. காலை நடை மட்டுமே 19 வரி. நாளுக்கு ஒன்றாகத் தேதி போட்டு அடுக்கி வைத்திருந்தது. செடிக்குத் தண்ணீர் 9 வரி. மீதி 13 வீட்டு வேலைகள்.

அப்பா இரவெல்லாம் வலியில் முனகிக்கொண்டிருக்க, கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. அந்த ஒவ்வொரு நாளுக்கும் நேரே 'காலை நடை' என்று சிவப்பில் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. செயலியையே நீக்கிவிட்டேன். இரண்டு மாதமாகக் காகிதத்தில்தான் எழுதுகிறேன். இப்போது மறுபடி ஒரு செயலிக்கு வரலாமா என்று யோசனை. திரும்பத் திரும்ப வரும் வேலை விட்டுப்போனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

* * *

ஈரோட்டில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். எனக்கு நடந்தது உங்களுடையதற்கு நேர்மாறு. உங்கள் செயலி எல்லாவற்றையும் நினைவு வைத்திருந்தது. என்னுடையது ஒரு மாதத்தையே விழுங்கிவிட்டது.

ஒரு மாதத்தின் வரிக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டி 3பி படிவத்தை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நானே செய்வேன். மே மாதம் வீட்டில் ஒரு கஷ்டம், ஏப்ரல் கணக்கு நின்றுபோனது. மே மாதக் கணக்குக்கான ஜூன் 20ஆம் தேதியும் தாண்டிவிட்டது. ஜூன் 23 அன்று உட்கார்ந்தேன். செயலியில் ஒரே ஒரு சிவப்பு வரி. ஏப்ரல் கணக்கைத் தாக்கல் செய்தேன், டிக் அடித்தேன். அது நேராக ஜூலை 20க்குத் தாவியது. சிவப்பு போய்விட்டதே என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜூலை 18 அன்று ஜூன் கணக்கைப் போடப் போனால் தளம் விடவில்லை. முந்தைய மாதத்தை முடிக்காமல் அடுத்த மாதத்தைத் தாக்கல் செய்ய முடியாது. மே மாதம் பாக்கி நிற்பதே அப்போதுதான் தெரிந்தது. நாளுக்கு 50 ரூபாய் வீதம் 28 நாளுக்கு 1,400 ரூபாய் தாமதக் கட்டணம். வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. இப்போது ஏப்ரல் தொடங்கும்போதே 12 மாதத்துக்கும் 12 தனி வரிகளாக, மாதத்தின் பெயர் போட்டு எழுதிவிடுகிறேன். இதை மட்டும் திரும்ப வரும் வேலையாக வைப்பதே இல்லை. பணம் கட்டுகிற விஷயம் எதுவானாலும் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

* * *

திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, எலும்புத் தேய்மானத்துக்காக அலென்ட்ரோனேட் மாத்திரை. வாரம் ஒன்றுதான். ஞாயிறு காலை வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. அவருடைய போனிலும் என் போனிலும் ஒரே பட்டியல்.

ஒருமுறை திருவிழா, விருந்தாளிகள் என்று இரண்டு ஞாயிறு விட்டுப்போனது. திங்கட்கிழமை கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனோடு சமையலறைக்கு வந்தார். "இதுல ரெண்டு காட்டுதே, ரெண்டையும் சேத்துப் போட்டுரவா?" கையில் அட்டை இருந்தது. ஒரு மாத்திரையைப் பிதுக்கியே விட்டார். "இருங்க அத்தை, போடாதீங்க" என்று வாங்கி வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். மறுநாள் காலை ஒன்று மட்டும் போடச் சொன்னார். ஒரே நாளில் இரண்டு கூடவே கூடாது, அப்புறம் வழக்கம்போல ஞாயிறுக்கே வந்துவிட வேண்டும் என்றார்.

சரி என்று, முடித்த நாளிலிருந்து எண்ணும்படி அமைப்பை மாற்றினேன். செவ்வாய் டிக் அடித்ததும் அடுத்ததைச் செவ்வாய்க்கே போட்டுவிட்டது. டாக்டர் சொன்னது ஞாயிறு! அதையும் கையால் திருத்தினேன். விட்டுப்போன மாத்திரைக்கு மருந்துக்கு மருந்து விதி வேறு. அதை டாக்டரிடம் கேட்டு, பட்டியலில் அந்த வரியின் கீழேயே தமிழில் எழுதி வையுங்கள். எங்கள் பட்டியலில் இப்போது "விட்டால் மறுநாள் ஒன்று. இரண்டு வேண்டாம்" என்று இருக்கிறது.

* * *

மேலே இருவர் சொன்னதற்கும் ஈமாக்ஸ் என்ற உரைத் திருத்தி மென்பொருளில் வேலைகளைக் குறித்து வைக்க உள்ள ஆர்க் மோடில் தனித்தனிக் குறியே இருக்கிறது. கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003இல் தொடங்கியது. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற எண்ணுக்கு முன்னால் ஒரு குறி போட வேண்டும், அவ்வளவுதான்.

வெறும் + போட்டால், முடித்ததும் தேதி சரியாக ஒரு படி நகரும். மே 20 இருந்தால் ஜூன் 20. இன்றைக்கு ஜூன் 23 ஆகிவிட்டதே என்று அது பார்க்காது. மறுபடி கடந்த தேதியாகவே வந்து நிற்கும். அச்சக அண்ணனுக்கு வேண்டியிருந்தது இதுதான். ++ போட்டால் அதே கிழமையைப் பிடித்துக்கொண்டு இனி வரப்போகும் நாளுக்குத் தாவும். அத்தையின் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை. .+ போட்டால் முடித்த நாளிலிருந்து எண்ணும். தண்ணீர் வடிகட்டி கழுவுவதற்கு இது. பத்து நாள் தாமதமாகக் கழுவினால் அடுத்ததும் பத்து நாள் தள்ளிப்போவதில் தப்பில்லை.

டுடூயிஸ்ட் செயலியில் 'எவ்ரி' (every) என்று எழுதினால் பழைய அட்டவணைப்படி வரும். பின்னால் ஆச்சரியக்குறி சேர்த்தால் முடித்த நாளிலிருந்து. திங்ஸ் செயலியிலும் முடித்த பிறகு எண்ணும் வகை உண்டு. புதிய செயலி எதுவானாலும் ஒரு பொய் வேலையைப் போன வாரத் தேதி போட்டு உருவாக்கி, டிக் அடித்து, எங்கே போய் விழுகிறது என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

* * *

எங்கள் வீட்டு அமாவாசைத் தர்ப்பணத்தை 30 நாளுக்கு ஒருமுறை என்று போட்டு வைத்திருந்தேன். சந்திர மாதம் சராசரி ஏறக்குறைய 29.5 நாள். நாலு மாதத்தில் இரண்டு நாள் தள்ளிப்போய், நினைவூட்டல் வந்தபோது அமாவாசை முடிந்திருந்தது. இப்போது ஆண்டுத் தொடக்கத்தில் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒவ்வொரு தேதியாகப் பதிந்துவிடுகிறேன்.

* * *

தொடங்கியவள்தான் மறுபடி எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு அந்த 41 வரிகளையும் நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஊரிலிருந்து வந்ததும் உண்மையிலேயே செய்தாக வேண்டியிருந்தவை மூன்றுதான்: இரண்டு மாத மின் கட்டணம், வடிகட்டி, மகளின் பள்ளி வேன் பணம். காலை நடை 19 நாள் பாக்கி என்றால் என்ன அர்த்தம், ஒரே நாளில் 19 முறை நடக்கவா? நடக்காத நாள் போன நாள். செடிக்கு 9 முறை தண்ணீர் விடவில்லை என்று காட்டியதே, அன்று பால்கனிக்குப் போய்ப் பார்த்தபோது கறிவேப்பிலைத் தொட்டியில் மண் ஈரமாக இருந்தது. எதிர்வீட்டு அக்கா தினமும் ஊற்றியிருக்கிறார்.

புதிய செயலியில் மின் கட்டணத்தையும் வேன் பணத்தையும் மாதம் பெயர் போட்டுத் தனித்தனியாக எழுதிவிட்டேன். வடிகட்டி முடித்த நாளிலிருந்து. நடையைச் சேர்க்கவில்லை. அப்பா இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார். அவர் நடக்கிற நாட்களில் அம்மா தினசரி நாள்காட்டித் தாளைக் கிழிக்கும் முன் பென்சிலால் ஒரு கோடு போடுகிறார். நடக்காத நாளில் தாளை மட்டும் கிழித்துவிடுகிறார்.