‘அற்றைத் திங்கள்’ காதல் வரியா?

பறம்புக்காரன்: நேற்று இங்கே தம்பி ஒளிச்சுருள் தன் குறும்படத்தைப் போட்டு, ‘காதலன் எழுதும் கடிதத்தில் “அற்றைத் திங்கள்” என்ற சங்கக் காதல் வரியை வைத்திருக்கிறேன்’ என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அது காதல் வரி இல்லை. புறநானூறு 112. அப்பனையும் குன்றையும் மூவேந்தரிடம் பறிகொடுத்த பாரி மகளிர் பாடியது. துறையே கையறுநிலை, இழந்தவர்கள் ஆற்றாமல் புலம்புவது.

ஒளிச்சுருள்: 1997-இலேயே ‘இருவர்’ படத்தில் வைரமுத்து ‘நறுமுகையே’ பாட்டில் அதைக் காதலுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவரை விட்டுவிட்டு என்னைப் பிடிக்கிறீர்களே அண்ணே?

பறம்புக்காரன்: யாரையும் விடவில்லை. அதே பாட்டில் ‘யாயும் ஞாயும்’ வருகிறது. குறுந்தொகை 40, காதல், பொருந்துகிறது. இது அப்பன் செத்த பாட்டு.

கூடல்வாசி: மேற்கோள் வேறு, தழுவல் வேறு, சாயல் வேறு. எதைப் பேசுகிறோம் என்று முதலில்...

பறம்புக்காரன்: அதெல்லாம் அப்புறம். அப்பன் செத்த பாட்டு சார்.

வெண்பாப்பித்தன்: ‘திங்கள்’ என்றால் இங்கே மாதம். தம்பி நிலாவைக் காட்டியதுதான் பிழை.

கூடல்வாசி: ‘அவ்வெண் நிலவில்’ என்று அடுத்தே வருகிறதே! போன மாதம் சிலப்பதிகாரத்தில் காண்டத்தையே மாற்றிச் சொன்னவர் நீங்கள்.

வெண்பாப்பித்தன்: அது தட்டச்சுப் பிழை. பத்து தடவை சொல்லியாச்சு.

ஒளிச்சுருள்: அண்ணே, அன்றும் நிலா, இன்றும் நிலா, நடுவில் ஓர் இழப்பு. பிரிந்த காதலனுக்கும் அதே ஏக்கம்தானே?

பறம்புக்காரன்: அப்படியானால் ‘இற்றைத் திங்கள்’ என்று வரும் மறுபாதி எங்கே? உன் படத்தை மூன்று தடவை பார்த்தேன். சன்னல், நிலா, மேசையில் கடிதம், முதல் பாதி மட்டும். ஐந்தே வரிப் பாட்டு, முடிவது ‘யாம் எந்தையும் இலமே’ என்று, எங்களுக்கு அப்பனும் இல்லை என்று. அது தெரிந்தவன் காதில் உன் கடிதம் சாவு ஓலையாக விழும். ஒன்பதாம் வகுப்பில் எங்கள் தமிழய்யா அந்த வரியை வாசித்தவர், புத்தகத்தை மூடிவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டார். பிரான்மலையைத்தான் பாரியின் பறம்பு மலை என்கிறார்கள். அதன் அடிவாரத்தில் பிறந்தவன் நான்.

ஒளிச்சுருள்: அடிவாரத்தில் பிறந்தால் பாட்டு உங்களுக்குப் பட்டாவா? கடிதத்தை மாற்ற மாட்டேன்.

வெண்பாப்பித்தன்: மாதம்தான்.

பறம்புக்காரன்: மாற்றாதே. ஆனால் ‘சங்கக் காதல் வரி’ என்று போட்டாயே, அதை எடு. அப்பன் செத்த பாட்டு.