ஓடைக்கு வருகிறவர்கள் மட்டும்

அக்கா: நாளைக்குப் போகிற ஓடையில் மீன் பிடிக்க ஒரே நரம்பில் இரண்டு ஃப்ளை (பூச்சி மாதிரி கட்டிய கொக்கி) போடக் கூடாதாம். பார்த்தால் அபராதமாம். உண்மையா?

மாமா: யார் சொன்னது

அக்கா: இன்னொரு குழுவில் வந்தது. "பலமுறை பகிரப்பட்டது" என்று போட்டிருக்கிறது.

பெரியம்மா: அப்போ பொய்தான்

பெரியப்பா: அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எத்தனை ஃப்ளை கட்டலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் ஒன்றுதான், சில இடங்களில் இரண்டு மூன்று வரை விடுவார்கள். அனுமதிச் சீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். சீட்டு யாரிடம் இருக்கிறது?

மாமா: உங்களிடம்தான் அத்தான்

பெரியப்பா: மாப்பிள்ளை, உங்கள் கையில்தானே கொடுத்தேன்.

அம்மா: ஆரம்பித்துவிட்டார்கள்

குட்டி: தாத்தா, நான் ராத்திரியே கட்டி வைத்துவிடுகிறேன். எப்படிக் கட்டணும்?

பெரியம்மா: ஒரு ஃப்ளைக்கே மீன் வந்து பார்க்கவில்லை

பெரியப்பா: அதனால்தான் இரண்டு. இரண்டு மீன் பிடிப்பதற்கு இல்லை, மீன் எந்த மட்டத்தில் இரை எடுக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு. ட்ரவுட் மீன் பெரும்பாலும் தண்ணீருக்குள்தான் தின்னும். பூச்சி இறங்கும் நேரத்தில் மட்டும் மேலே வரும். அதனால் மேலே மிதக்க ஒரு ட்ரை ஃப்ளை, அதன் கீழே மூழ்க ஒரு நிம்ஃப். மீன் நிம்ஃபைக் கவ்வினால் மேலே மிதப்பது சட்டென நிற்கும், இல்லை அமுங்கும், இல்லை பக்கவாட்டில் நகரும். அந்த நொடி ராடைத் தூக்கு. யோசித்தாயானால் மீன் துப்பிவிடும். மேலே போடுவது நன்றாக மிதப்பதாக இருக்கட்டும், 10 அல்லது 12 எண், ஃபோம் வைத்தது என்றால் நல்லது. கீழே 16 எண்ணில் மணி வைத்த ஃபெசன்ட் டெயில் என்கிற நிம்ஃப் போதும். எண் ஏற ஏற கொக்கி சின்னது, மறந்துவிடாதே.

அத்தை: வண்டியில் எனக்கு இடம் இருக்கிறதா

அக்கா: அத்தை, நீங்கள் வரவில்லை என்றீர்களே

அத்தை: குழுவில் இருக்கிறேனே

குட்டி: கட்டுவது எப்படி என்று இன்னும் சொல்லவில்லை தாத்தா

பெரியப்பா: வருகிறேன். லீடர், அதாவது நரம்பின் நுனியில் வரும் மெல்லிய துண்டு, அதன் முனையில் ட்ரை ஃப்ளையை எப்போதும் போலக் கட்டு. டிப்பெட் என்கிற மெல்லிய நரம்பில் ஒரு 50 செ.மீ. வெட்டிக்கொள், தண்ணீர் ஆழமில்லை என்றால் 30 போதும். ஒரு முனையை ட்ரை ஃப்ளை கொக்கியின் வளைவில் கிளிஞ்ச் முடிச்சாகப் போடு. ஐந்து சுற்று. இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனை. காய்ந்த நரம்பை இழுத்தால் சூடேறிச் சுருண்டுவிடும், அந்த இடத்தில்தான் அறும். மறுமுனையில் நிம்ஃப். முக்கியம்: கீழ்த்துண்டு மேலே இருப்பதைவிட ஒரு படி மெல்லியதாக இருக்க வேண்டும். மேலே 4 எக்ஸ் என்றால் கீழே 5 எக்ஸ். எக்ஸ் என்பது நரம்பின் தடிமனுக்கான எண், ஏற ஏற மெல்லியது. நிம்ஃப் கல்லில் சிக்கினால் கீழ்த்துண்டு மட்டும் அறும், ட்ரை ஃப்ளை கைக்குத் திரும்பும். 11-இல் எக்ஸ் எண்ணைக் கழித்துப் பார், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்று வரும். 4 எக்ஸ் 0.007, 5 எக்ஸ் 0.006.

அம்மா: கணக்குப் பரீட்சையா

மாமா: குட்டி, வளைவில் கட்டாதே. கொக்கியின் காதிலேயே, நரம்பு நுழைக்கிற துளையில் கட்டு.

பெரியப்பா: ஏன்?

மாமா: கொக்கி நுனியில் இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுகிறோம் இல்லையா. அப்புறம் வளைவில் போட்ட முடிச்சு நழுவி வெளியே வந்துவிடும். எனக்கு வந்திருக்கிறது.

பெரியப்பா: இறுக்கிக் கட்டினால் வராது.

மாமா: என் கட்டைவிரலைக் கேளுங்கள் அத்தான், இறுக்கமாகத்தான் கட்டியிருந்தீர்கள்

பெரியம்மா: 😂

குட்டி: என்ன ஆச்சு மாமாத் தாத்தா

மாமா: உன் தாத்தா மீனை இழுத்தார். நான் வலை பிடித்தேன். மீன் மேல் ஃப்ளையில், கீழ் ஃப்ளை சும்மா ஆடிக்கொண்டிருந்தது. மீன் துள்ளியது. கொக்கி என் விரலில்.

பெரியப்பா: பிடிக்கும் முன் இரண்டாவது கொக்கி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று சொன்னேன்.

மாமா: பிறகு சொன்னீர்கள்

குட்டி: 📷 மாடியில் வீசிப் பார்த்தேன். இப்படி ஆகிவிட்டது

அக்கா: பறவைக் கூடு மாதிரி இருக்கிறது

பெரியப்பா: அதைப் பிரிக்க உட்காராதே. வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டு, அதுதான் சீக்கிரம். இரண்டு ஃப்ளையோடு விறைப்பாக, குறுகிய வளையமாக வீசக் கூடாது. மெதுவாக, அகலமாக வீசு. பின்னால் நரம்பு முழுக்க நீளும் வரை பொறு. சும்மா முன்னும் பின்னும் ஆட்டினால் சுற்றிக்கொள்ளும். காற்று பலமாக இருந்தால் ஒன்றைக் கழற்றிவிடு, வெட்கமே இல்லை.

பெரியம்மா: துணிக்கொடியில் என் புடவை காய்கிறது. குட்டி?

குட்டி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாமா: பெரிய ரீலை நான் எடுத்து வருகிறேன்

பெரியம்மா: அது எங்கள் வீட்டு ரீல்

அத்தை: அது அப்பாவின் ரீல். யாருக்கு என்று இன்றுவரை யாரும் பேசவில்லை.

அம்மா: இப்போது வேண்டாம்

அத்தை: எப்போது என்று சொல்லுங்கள், வந்து உட்காருகிறேன்

பெரியப்பா: 🎤 குரல் செய்தி 3:12

அக்கா: பெரியப்பா, சுருக்கமாக?

பெரியப்பா: ரீலைப் பற்றி இல்லை. நீரோட்டத்தைப் பற்றி. மேல்தண்ணீர் வேகமாக ஓடும், அடித்தண்ணீர் மெதுவாக ஓடும். ட்ரை ஃப்ளை நிம்ஃபை இழுத்துக்கொண்டே போனால் மீன் சந்தேகப்படும். ராடை உயர்த்தி, தண்ணீரில் கிடக்கும் நரம்பைக் குறை.

மாமா: சீட்டு கிடைத்துவிட்டது. 📷

அக்கா: மடிப்பு விழுந்த இடத்தில்தான் அந்த வரி இருக்கிறது. "ஒரு நரம்பில்" வரை தெரிகிறது, அப்புறம் ஒன்றும் இல்லை.

பெரியப்பா: பிரித்து இன்னொரு படம் போடுங்கள் மாப்பிள்ளை.

மாமா: வண்டியில் வைத்துவிட்டேன். காலையில் பார்க்கலாம்.

பெரியப்பா: சரி. குட்டி, இரண்டாகவே கட்டி வை. ஒன்றுதான் என்று இருந்தால் அங்கே கீழ்த்துண்டை வெட்டிவிட்டு இறங்கலாம்.

குட்டி: வளைவிலா காதிலா

மாமா: காது

பெரியப்பா: வளைவு

குட்டி: 5 எக்ஸ் வேறு தீர்ந்துவிட்டது. 6 இருக்கிறது

அத்தை: வண்டியில் இடம் கேட்டேன்

அக்கா: 5.30க்கு எல்லாரும் வாசலில் இருங்கள்

அம்மா: 6 என்றல்லவா சொன்னார்கள்