அயோக்கியர்களின் கடைசிப் புகலிடம்: சொன்னது யார்?

கடலோடி: "தேசபக்தி அயோக்கியர்களின் கடைசிப் புகலிடம் என்று பெர்னார்ட் ஷாவே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன பேச்சு" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. தன் நாட்டை நேசிப்பது தேசபக்தி, அடுத்தவன் நாட்டை மட்டம் தட்டுவது தேசியவாதம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்.

தீக்குச்சி: அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். ஷா சொன்னது சொன்னதுதான்.

பழைய பேனா: ஷா சொல்லவில்லை. ஆங்கில அகராதி தொகுத்த எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் சொன்னது, 1775 ஏப்ரல் 7. குறித்து வைத்தவர் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல். ஷா பிறந்ததே 1856இல். பிறக்க 81 வருடம் இருக்கும்போதே பேசிவிட்டார் போலிருக்கிறது!

தீக்குச்சி: யார் சொன்னால் என்ன, கருத்து சரிதானே?

பழைய பேனா: அப்படியானால் ஷாவை எதற்கு இழுத்தீர்கள்? உண்மையான நாட்டுப்பற்றை ஜான்சன் சொல்லவில்லை, சுயநலத்துக்குப் போர்த்திக்கொள்ளும் போலிப் பற்றைத்தான் சொன்னார் என்று பாஸ்வெல் அங்கேயே விளக்குகிறார்.

தீக்குச்சி: அது பாஸ்வெல் கட்டிய சப்பைக்கட்டு. ஜான்சன் வாயில் "போலி" என்ற சொல் வந்ததா, இல்லையா?

பழைய பேனா: அதற்கு முந்தைய வருடம், 1774இல், தேசபக்தன் யார், வேஷதாரி யார் என்று ஒரு பிரசுரமே எழுதியவர் அவர். படித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

வேப்பங்கொட்டை: உங்கள் ஜான்சன் யோக்கியதை தெரியாதா? 1755இல் போட்ட அகராதியில் பென்ஷன் என்றால் நாட்டுக்குத் துரோகம் செய்யத் தரும் கூலி என்று பொருள் எழுதினார். 1762இல் அரசரிடம் ஆண்டுக்கு 300 பவுண்டு பென்ஷன் வாங்கிக்கொண்டார்.

பழைய பேனா: பென்ஷன் வாங்கினால் வாசகம் ஷாவுடையது ஆகிவிடுமா?

கடலோடி: ஐயா, நான் கேட்டது வேறு. தேசபக்தி தற்காப்பு, தேசியவாதம் அதிகாரப் பசி என்று 1945இல் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் பிரித்தாரே?

பழைய பேனா: அவர் கம்யூனிசத்தையும், ஏன், போர் எதிர்ப்பையும்கூட அதே தேசியவாதப் பட்டியலில்தான் போட்டார். "அடுத்தவன் நாடு" அங்கே எங்கே வருகிறது? ஆர்வெல் உங்களுக்கு உதவ மாட்டார்.

தீக்குச்சி: போன மாதம் மொழிச் சண்டையிலும் இப்படித்தான், தேதியாக வீசி எல்லோர் வாயையும் அடைத்தீர்கள்.

பழைய பேனா: அன்றும் ஆண்டைத் தப்பாகப் போட்டது நீங்கள்தான்.

வேப்பங்கொட்டை: 300 பவுண்டுக்குப் பதில் வரவில்லை.

தீக்குச்சி: ஜான்சன் சொன்னதை ஷா திருப்பிச் சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவே இல்லை என்று நிரூபியுங்கள் பார்ப்போம்.

பழைய பேனா: 1775.