உற்சவரைப் பார்க்க மியூசியமா, வீதியா?

வெண்ணாற்றுக்காரன்: பொங்கல் லீவில் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம் போய் வந்தேன். முக்கால்வாசி நேரமும் திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளைமேல் கை சாய்த்து நிற்கும் சிவன், முன்னால்தான். எடுத்த படம் இதோ. 1011இல் வார்த்த வெண்கலம். சாய்ந்து நிற்கக் காளை இல்லை. ஆனால் மடக்கிய கையைப் பார்த்தால் அது பக்கத்தில்தான் நிற்கிறது என்று தோன்றும். சடையைப் பாம்புச் சுருளாகத் தலையைச் சுற்றிக் கட்டியிருக்கும் அழகைக் கோயிலில் பார்க்க முடியுமா? அங்கே பட்டும் மாலையும் போக முகம்தான் மிச்சம். சிற்பியின் வேலையைப் பார்க்க மியூசியமே சரி.

மாயூரத்தான்: படம் அருமை சார். கருத்துதான் ஒப்பவில்லை. இந்த மாதிரித் திருமேனிகளின் பீடத்தில் கழி செருக வளையமோ துளையோ இருக்கும், கவனித்தீர்களா? தோளில் ஏறித் தெருவில் ஆடி வரத்தான் வார்த்தார்கள். தீவட்டி வெளிச்சத்தில் அந்தச் சிரிப்பு வேறு. டியூப்லைட்டுக்குக் கீழே அவர் ஆஸ்பத்திரி வார்டில் படுத்தவர் மாதிரி இருக்கிறார்.

வெண்ணாற்றுக்காரன்: எத்தனை ஊரில் உற்சவர் இன்று ஊரில் இருக்கிறார்? திருட்டுக்குப் பயந்து திருவாரூர் சிலைப் பாதுகாப்பு மையத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள். பத்தூர் நடராஜர் 1976இல் மண்ணிலிருந்து கிடைத்து, கடத்தப்பட்டு லண்டன் போய், 1991இல்தான் திரும்பினார். பூட்டிய அறையைவிட நாலு பேர் பார்க்கும் கூடம் மேல் இல்லையா?

மாயூரத்தான்: பத்தூரைச் சொன்னீர்களே, அந்த லண்டன் வழக்கில் இடிந்து கிடந்த கோயிலையே ஒரு தரப்பாக ஏற்றார்கள். சாமி கோயிலுக்குச் சொந்தம் என்பதால்தான் ஜெயித்தோம், கலைப்பொருள் என்பதால் இல்லை.

சுவாமிமலைப் பட்டறை: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டில் மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வடித்து வார்க்கிறவர்கள். அப்புறம் ராவுவதும் செதுக்குவதும் மாதக்கணக்கில் நடக்கும். துணி மூடிவிடும் என்று தெரிந்துதான் இடுப்புக் கச்சையையும் முதுகுச் சடையையும் அவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறோம். யார் பார்க்க என்று யாரும் கேட்டதில்லை.

புதுக் கேமரா: சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். கண்ணாடிக்குள் இருக்கும் சிலையை எடுத்தால் என் சட்டைதான் விழுகிறது. பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டும் போகவில்லை.

வெண்ணாற்றுக்காரன்: நேரே நின்றால் போலரைசர் உதவாது, நன்றாகச் சாய்வாக நிற்க வேண்டும். நேர்ப்படம்தான் வேண்டுமென்றால் கறுப்புச் சட்டை போட்டு, லென்ஸைக் கண்ணாடியை ஒட்டி வையுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், வெண்கலத்தில் மூக்கு நுனி மட்டும் வெள்ளையடித்த மாதிரி வரும்.

மாயூரத்தான்: இவ்வளவு பாடு எதற்கு? ஞாயிறு இரவு திருவெண்காடு வாருங்கள், சிவனின் உக்கிர வடிவமான அகோரமூர்த்திக்குப் பூஜை. கேமரா வேண்டாம். உருவம் முழுக்கப் பார்க்க ஆசையா, அபிஷேகத்துக்கே வந்துவிடுங்கள். எந்தப் பட்டும் மறைக்காது.

வெண்ணாற்றுக்காரன்: வருகிறேன். ஆனால் பாலும் சந்தனமும் வழியும்போது குருக்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, சுவாமிமலைக்காரர் சொன்ன அந்த முதுகுச் சடையை நான் எப்படிப் பார்ப்பது? அதற்கும் வழி சொல்லுங்கள்.