வீட்டில் மட்டும் கரண்ட் போனால்: சிங்கப்பூர் வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் கரண்ட் போனதும் எதிர் வீட்டை எட்டிப் பார்ப்போமே, இங்கேயும் முதலில் அதையே செய்யுங்கள். புளோக் முழுவதும் இருட்டாக இருந்தால், இங்கே மின்விநியோகத்தைக் கவனிக்கும் எஸ்பி குழுமத்தின் 24 மணி நேர எண்ணுக்கு அழைக்க வேண்டும். ஆனால் அது அபூர்வம். அநேகமாக எதிர் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், உங்கள் வீடு மட்டும் இருண்டிருக்கும். அப்படியென்றால் காரணம் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது. பதறி வீட்டு உரிமையாளருக்கு நள்ளிரவில் போன் போட வேண்டாம். பெரும்பாலான நேரம் பத்து நிமிடத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

வீட்டுக்குள் வரும் மின்சாரத்தைப் பல லைன்களாகப் பிரிக்கும் டிபி பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்குக் குடிவந்த அன்றே பார்த்து வையுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வாசல் கதவுப் பக்கமோ ஸ்டோர் ரூமிலோ இருக்கும். அதைத் திறந்தால் வரிசையாகச் சிறு சுவிட்சுகள் தெரியும், அவை எம்சிபி. கூடவே சற்று அகலமாக, ஒரு டெஸ்ட் பட்டனோடு இருப்பது ஆர்சிசிபி. இரண்டின் வேலையும் வேறு. ஒரு லைனில் சுமை கூடினாலோ ஷார்ட் ஆனாலோ அந்த எம்சிபி மட்டும் விழும். ஆர்சிசிபி விழுந்தால் மின்சாரம் எங்கேயோ கசிந்து பூமிக்குப் போகிறது என்று பொருள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது துண்டித்துவிடும். அந்தக் கசிவு உங்கள் உடம்பு வழியாகவும் போகலாம், அதனால்தான் இத்தனை கண்டிப்பு.

ஆர்சிசிபி விழுந்திருந்தால், கை ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு எல்லா எம்சிபிகளையும் கீழே இறக்குங்கள். பிறகு ஆர்சிசிபியை மேலே தூக்குங்கள். நின்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது மறுபடி விழுகிறதோ, பெரும்பாலும் அந்த லைனில்தான் கோளாறு. அந்த லைனில் உள்ள பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். நான் வந்த முதல் வருடம் இதில்தான் ஏமாந்தேன். சனிக்கிழமை காலை, இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியோடு கிரைண்டரைப் போட்டால் வீடே அணைந்தது. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் அணைந்தது. கிரைண்டர் போய்விட்டது என்று முடிவுகட்டி, நண்பர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. உண்மையான குற்றவாளி, பக்கத்து சாக்கெட்டில் சுவிட்ச் அணைத்து வைத்திருந்த பழைய கெட்டில். பல சாக்கெட்டுகளின் சுவிட்ச், மின்சாரம் வரும் லைவ் கம்பியை மட்டுமே துண்டிக்கும், அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி இணைப்பிலேயே இருக்கும். கெட்டிலுக்குள் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கிரைண்டர் ஓடத் தொடங்கி நியூட்ரலில் மின்சாரம் திரும்பும்போது, ஒரு பங்கு கெட்டில் வழியாக எர்த்துக்குப் போய்விட்டது. எம்சிபியும் பொதுவாக லைவை மட்டும்தான் துண்டிக்கும். ஆகவே எல்லா எம்சிபியும் இறங்கியிருக்கும்போதே ஆர்சிசிபி நிற்காவிட்டாலும், முதலில் எல்லாப் பிளக்குகளையும் உருவிவிட்டுப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் வயரிங்கில் கோளாறு இருக்கலாம், உங்கள் வேலை அத்தோடு முடிந்தது.

சந்தேகப்பட வேண்டியவை பெரும்பாலும் தண்ணீரும் சூடும் சேரும் பொருள்கள்: கெட்டில், ரைஸ் குக்கர், வாட்டர் ஹீட்டர், பழைய வாஷிங் மெஷின். மாவு வழிந்து மோட்டாருக்குள் இறங்கிய கிரைண்டரும் இந்தக் கூட்டத்தில் சேரும்.

ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுவரலாமா என்று கேட்பவர்களுக்கு: இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், ஓடும். பிரச்சினை பிளக்கில். நம் ஊர் உருண்டை முள் இங்கே நுழையாது. எர்த் இல்லாத மலிவான அடாப்டரில் கிரைண்டரைப் போடாதீர்கள். மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தி இரண்டு முள் பிளக்கைத் திணிக்கும் பழக்கத்தைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் நம் ஊர் பிராண்டுகளே கிடைக்கின்றன, இந்நாட்டுப் பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரே ஒரு பொருள் மட்டும் உயிரில்லாமல் கிடந்தால் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். அதே அளவு ஃபியூஸைத்தான் மாற்ற வேண்டும். 13 ஆம்பியர் என்றால் சுமார் 3000 வாட். ஒரே எக்ஸ்டென்ஷனில் கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம்.

கருகிய வாடை, சுடும் சாக்கெட், கூரையிலிருந்து விளக்குக்குள் சொட்டும் தண்ணீர், இவற்றில் எது தெரிந்தாலும் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவரா என்று ஆணையத்தின் இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். செலவு யாருடையது என்பதை வாடகை ஒப்பந்தத்தில் தேடுங்கள். சிறு பழுதுகளுக்குக் குறிப்பிட்ட தொகை வரை, 150 அல்லது 200 வெள்ளி என்பதுபோல, வாடகைக்கு இருப்பவர் தலையில் வைத்திருப்பார்கள். வயரிங் கோளாறு உங்களுடையதல்ல என்று கையெழுத்துக்கு முன்பே தெளிவாக எழுதி வாங்குவது நல்லது.

அப்புறம், 1985 ஜூலைக்கு முந்தைய வீடுகளில் ஆர்சிசிபி இல்லாமல் இருந்ததுண்டு. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் அது கட்டாயம், இல்லாதவர்கள் மாட்டிக்கொள்ள இரண்டு ஆண்டு அவகாசம் தந்தார்கள். பழைய புளோக்கில் வீடு பார்க்கப் போனால் ஏஜென்ட் முன்னாலேயே டிபி பாக்ஸைத் திறந்து, சொல்லிவிட்டு, டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். குடிபோன பிறகும் மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.